அணைக்கு ஆயுள் தருவது வரப்பு

(உழவர் பயிற்சி முகாமில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆற்றில் வெள்ளம் வந்தால் நாம் கரையைத்தான் பார்க்கிறோம். கரையை உயர்த்தினால் போதும் என்று எண்ணுகிறோம். ஆனால் வெள்ளம் பிறக்கும் இடம் கரை அன்று. தொலைவில் உள்ள மேட்டு நிலமே. தாமோதர் ஆற்றின் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும்.

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில், சோட்டா நாகபுரி மேட்டு நிலத்தில் தோன்றும் இந்த ஆறு மேற்கு வங்கத்தில் ஹூக்ளியுடன் கலக்கிறது. 'வங்கத்தின் துயரம்' என்றே இதற்குப் பெயர். 1943 ஜூலையில் பர்துவான் அருகே இடது கரை உடைந்தது. ஊர்கள் மூழ்கின. சாலையும் இருப்புப்பாதையும் அறுபட்டுக் கல்கத்தாவின் போக்குவரத்து பல வாரங்கள் தடைப்பட்டது. ஆறு முழுவதையும் ஒன்றாகக் கருதித் திட்டமிட வேண்டும் என்று அறிவியல் அறிஞர் மேகநாத் சாகா வலியுறுத்தினார். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 1948 ஜூலை 7-ல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் அமைக்கப்பட்டது.

அணைகள் செய்ததும் செய்யாததும்

திலையா (1953), கோனார் (1955), மைத்தான் (1957), பஞ்செட் (1959) என நான்கு அணைகள் எழுந்தன. முதல் திட்டத்தில் இருந்தவை எட்டு. மேட்டு நிலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இவற்றுக்காகத் தம் நிலத்தை இழந்தன என்பதை மறக்கலாகாது.

1978 செப்டம்பரில் மைத்தான், பஞ்செட் அணைகளுக்கு விநாடிக்குச் சுமார் 7.7 லட்சம் கன அடி நீர் வந்தது. வெளியேறியது சுமார் 1.6 லட்சம் கன அடியே. ஆயினும் அதே மாதத்தில் மேற்கு வங்கம் பெருவெள்ளத்தில் தவித்தது. காரணம், அணைகளுக்குக் கீழேயும் கனமழை கொட்டியது. கீழ்ப்பகுதியில் ஆறும் வண்டலால் தூர்ந்து குறுகியிருந்தது.

இன்னொரு குறை மெல்ல வளர்ந்தது. மைத்தான் நீர்த்தேக்கத்தில் எதிர்பார்த்ததைப் போலப் பல மடங்கு வண்டல் படிந்தது. இது மேலே உள்ள வயல்களின் மண்தான். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனத்திற்கு மேல்மண் போனால், 5 டன்னுக்கு மேல் மண் போயிற்று என்று பொருள்.

மேட்டு நிலத்தில் நடந்த பணி

இதை உணர்ந்தே 1949-ல் ஹசாரிபாகில் மண் பாதுகாப்புப் பிரிவு தொடங்கப்பட்டது. அங்கே மேட்டு நிலத்தை 'டாண்ட்' என்றும், நெல் விளையும் தாழ்நிலத்தை 'தோன்' என்றும் சொல்வர். கேழ்வரகும் கொள்ளும் விளையும் டாண்ட் நிலங்களில் மழைநீர் ஓடி ஓடிப் பள்ளங்களை அறுத்திருந்தது. அங்கு வரப்புகள் போடப்பட்டன, ஓடைகளில் தடுப்புகள் கட்டப்பட்டன, குட்டைகள் வெட்டப்பட்டன, தரிசில் மரங்கள் நடப்பட்டன.

"மேட்டுக்காரன் வரப்புப் போட்டால் பலன் கீழே உள்ளவனுக்குத்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். ஓர் அங்குல மழை ஓர் ஏக்கரில் சுமார் ஒரு லட்சம் லிட்டர் நீரைத் தருகிறது. வரப்பு இருந்தால் அதில் ஒரு பகுதி முதலில் உங்கள் பயிருக்கும், உங்கள் கிணற்றுக்கும் சேரும். உரமிட்ட மேல்மண்ணும் உங்களிடமே தங்கும்.

மூன்று நாள் அடைமழையில் மண் நிறைந்துவிட்டால் வரப்பு வெள்ளத்தைத் தடுக்காது. அப்போது அணைதான் காக்க வேண்டும். அணையில் இடம் இருக்க வேண்டுமானால் வண்டல் சேரக் கூடாது. அந்த வண்டலைத் தடுப்பது வரப்பு. ஆகவே, அரசின் அணையும் உழவரின் வரப்பும் ஒன்றையொன்று காப்பவை.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. சரிவுக்குக் குறுக்கே உழுது விதையுங்கள்.

2. மழை குறைந்த பகுதியில் சம உயர வரப்புப் போடுங்கள். மழை மிகுந்த பகுதியில் வரப்பின் போக்கிற்குச் சிறிது வாட்டம் கொடுத்து, புல் வளர்த்த வடிகாலில் நீரை இறக்குங்கள்.

3. வரப்பின் மேல் வெட்டிவேர் அல்லது கொழுக்கட்டைப்புல் நடுங்கள்.

4. ஓடைத் தடுப்பை மேலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிக் கட்டுங்கள். கீழே மட்டும் கட்டினால் முதல் மழையிலேயே தூர்ந்துவிடும்.

5. ஒருவர் வரப்பிலிருந்து வழியும் நீர் அடுத்தவர் வயலை அறுக்கக் கூடாது. ஆகவே ஊராகக் கூடி, வேளாண்மைப் பொறியியல் துறையினரை அழைத்து, சரிவை அளந்தபின் வேலையைத் தொடங்குங்கள்.

மழைக்காலம் முடிந்ததும் உடைந்த வரப்பைச் சரிசெய்ய மறவாதீர்கள். அணையைப் பராமரிக்கப் பொறியாளர் இருக்கிறார். வரப்பைப் பராமரிக்க உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.