எல்லைக் கோடும் ஆள்வோர் அச்சமும்

நாட்டின் எல்லை என்றதும் நம் நினைவுக்கு வருவது நிலப்படத்தில் உள்ள ஒரு கோடுதான். ஆனால் உண்மையான எல்லை தாளில் இல்லை. பனிமலை முகட்டின்மேலும், ஆற்றின் நடுவிலும், மக்கள் வாழும் சிற்றூர்களின் ஓரத்திலும் அது செல்கிறது. அங்கே அந்தக் கோடு ஒரு கல் தொலைவு நகர்ந்தால், ஓர் ஊராருக்கு நாடே மாறிவிடுகிறது.

இத்தகைய எல்லையைப் பற்றி இரு நாடுகளுக்கிடையே பூசல் எழுந்தால், அது எப்போது போரில் முடிகிறது? எப்போது உடன்படிக்கையில் முடிகிறது? கல்லூரியில் அரசியல் பயிற்றும் எனக்கு இக்கேள்வியில் நெடுநாளாகவே ஈடுபாடு உண்டு. இதனை ஆராய்ந்த டெய்லர் பிராவெல் என்னும் அமெரிக்க அறிஞரின் முடிவுகளை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். அவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அரசியல் துறைப் பேராசிரியர். சீனாவின் எல்லைப் பூசல்களைப் பற்றிய அவரது நூல் 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது.

1949ஆம் ஆண்டில் மக்கள் சீனக் குடியரசு தோன்றியதற்குப் பின்னர், அந்நாடு ஈடுபட்ட நிலப் பூசல்கள் 23 என்று அவர் கணக்கிடுகிறார். வலிமை மிக்க பெருநாடு பெரும்பாலும் வாளைத்தான் நம்பியிருக்கும் என்று நாம் எண்ணுவோம். அவர் கண்டதோ வேறு. 17 பூசல்களில் சீனா ஏதோ ஒரு வகையில் விட்டுக்கொடுக்க முன்வந்தது. படைவலியைப் பயன்படுத்தியவை ஆறே. ஒரே பூசலில் இவ்விரண்டும் வெவ்வேறு காலத்தில் நிகழ்ந்ததும் உண்டு. சோவியத் நாட்டுடன் 1969ஆம் ஆண்டில் ஆற்றுத் தீவு ஒன்றிற்காகக் குருதி சிந்திய சீனா, 1991ஆம் ஆண்டில் அதே நாட்டுடன் எல்லை உடன்படிக்கை செய்துகொண்டது.

அப்படியானால் விட்டுக்கொடுக்கும் மனம் எப்போது பிறக்கிறது? உள்நாட்டில் குழப்பம் மிகுந்தால், ஆள்வோர் மக்களின் கவனத்தைத் திருப்புவதற்காக வெளிநாட்டோடு சண்டை தொடுப்பர் என்பது அரசியலில் பழகிப்போன கருத்து. பிராவெல் இதற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டுகிறார். 1959ஆம் ஆண்டில் திபெத்தில் கிளர்ச்சி மூண்டது. அதே காலத்தில் சீனாவில் கொடிய பஞ்சமும் பரவியது. கிளர்ச்சியாளர் எல்லை கடந்து சென்று புகலிடம் தேடாமல் தடுக்க வேண்டுமானால், அண்டை நாட்டின் துணை வேண்டும். துணை வேண்டுபவன் நிலத்துக்காக வாதாடிக்கொண்டிருக்க இயலுமா? எனவேதான் 1960இல் பர்மாவுடனும், 1961இல் நேபாளத்துடனும், 1962இல் மங்கோலியாவுடனும், 1963இல் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளுடனும் சீனா எல்லை உடன்படிக்கைகளைச் செய்துகொண்டது.

இங்கே உங்கள் உள்ளத்தில் ஒரு வினா எழும். அதே காலத்தில்தானே, 1962 அக்டோபர் 20ஆம் நாள், சீனா இந்தியாமீது படையெடுத்தது? ஆம். பஞ்சமும் கிளர்ச்சியும் நேற்றிருந்தவையே. நேபாளத்துக்கு நீண்ட கை இந்தியாவுக்கு ஏன் ஓங்கிய கையாயிற்று?

பிராவெல் கூறும் விடை இது. 1960 ஏப்ரலில் சூ என்லாய் புதுதில்லிக்கு வந்தார். கிழக்கில் தன் கோரிக்கையைத் தளர்த்திக்கொண்டு, மேற்கில் அக்சாய் சின் பகுதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் எண்ணத்தைச் சீனா குறிப்பாகப் புலப்படுத்தியது. இந்தியா அதனை ஏற்கவில்லை. 1961ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பூசலுக்குரிய பகுதிகளில் இந்தியா முன்னேறிக் காவல் நிலைகளை அமைத்தது. நாள் செல்லச் செல்லத் தன் நிலை தளர்ந்துவிடும் என்று சீனத் தலைவர்கள் அஞ்சினர். பூசலில் தன் பிடி நழுவுகிறது என்று கருதும் அரசுதான் வாளை உருவுகிறது என்பது அவரது இரண்டாவது முடிவு. உள்நாட்டுக் கிளர்ச்சியோ அந்த அச்சத்தைத் தணிக்காமல் மேலும் வளர்த்தது.

மாணவர்களே, ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரு செயலின் காரணத்தை அறிவது வேறு. அச்செயலை நியாயப்படுத்துவது வேறு. நோயின் காரணத்தை ஆராயும் மருத்துவர் நோய்க்குப் பரிந்து பேசுபவர் ஆகார். 1962இல் பனிமலையில் மாண்ட நம் வீரரை எண்ணும்போது நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. அந்தக் கனம் சிந்தனைக்குத் தடையாகிவிடலாகாது. ‘எதிரி இயல்பிலேயே கொடியவன்’ என்று கூறி நிறுத்திக்கொண்டால், அவன் நேற்று இணங்கியது ஏன், இன்று தாக்குவது ஏன் என்பதை நாம் ஒருபோதும் அறிய மாட்டோம். நாளை எதனைச் செய்வான் என்பதையும் கணிக்க மாட்டோம்.

இந்த ஆராய்ச்சி எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் திறவுகோல் அன்று. நிலத்தில் இணங்கிய சீனா, கடல் தீவுகளில் அவ்வாறு எளிதில் இணங்கவில்லை. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய வீரர் 20 பேர் உயிர் இழந்தனர். அந்நிகழ்ச்சி, இந்திய சீன எல்லையின் புண் ஆறவில்லை என்பதை நமக்கு உணர்த்திற்று.

ஆயினும் கேட்க வேண்டிய கேள்வியை இந்நூல் நமக்குக் கற்பிக்கிறது. எல்லையில் படைகள் திரளும் செய்தியைப் படிக்கும்போது, ‘யார் வலியவர்?’ என்று மட்டும் கேளாதீர்கள். ‘யார் எதை இழந்துவிடுவோம் என்று அஞ்சுகிறார்?’ என்றும் கேளுங்கள். அந்த அச்சத்தை உரிய காலத்தில் கண்டுகொள்ளும் அரசு, தன் வீரரின் உயிரையும் காக்கும். தன் எல்லையையும் காக்கும்.