புதுவை விழாவின் கடைசி நாள்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமை ஆசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்ற ஒருவன் திரைப்பட விழாவைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். என்னிடம் படித்தவர் எவரேனும் இதனைக் கேட்டுக்கொண்டிருப்பாராயின், அவருக்கு வியப்பு இன்னும் பெரிதாக இருக்கும். ஏனெனில், 'படம் பார்த்துக் கெட்டான்' என்னும் தொடரை நான் வகுப்பறையில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அத்தகைய நான், கல்லூரியில் பயிலும் என் பேத்தியின் வற்புறுத்தலால் புதுச்சேரிக்குச் சென்று, விழா நடந்த நாட்கள் முழுவதும் படம் பார்த்தேன். அவ்விழாவின் கடைசி நாளில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. அதனையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

திரைப்பட விழாக்களுக்கும் கடற்கரைக்கும் ஏதோ ஓர் உறவு இருக்கிறது போலும். உலகின் பழமையான திரைப்பட விழா, வெனிசு நகரைச் சேர்ந்த லிடோ தீவில் 1932-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. பிரான்சு நாட்டின் தென்கரையில் உள்ள கான் நகரத்து விழா 1946-இல் தொடங்கிற்று. அந்த முதல் விழாவிலேயே பெரும்பரிசு பெற்ற படங்களுள் ஒன்று, சேதன் ஆனந்த் இயக்கிய 'நீச்சா நகர்' என்னும் நம் நாட்டுப் படம் என்பது இளைஞர் பலர் அறியாத செய்தி. பிரெஞ்சுக்காரர் ஆண்டு, 1954-இல் விடுதலை பெற்ற புதுவையிலும் அவ்வாறே கடலோரத்தில் விழா நடைபெறுகிறது. அரசின் செய்தி விளம்பரத் துறையும், ஊரிலுள்ள திரைப்படக் கழகமும், 1889-ஆம் ஆண்டு முதல் அங்கே இயங்கிவரும் அலியான்ஸ் பிரான்சேஸ் நிறுவனமும் கைகோத்து இந்தியத் திரைப்பட விழாவை நடத்தி வந்திருக்கின்றன. பல மொழிப் படங்களும் அங்கே திரையிடப்படும். சிறந்த தமிழ்ப் படத்திற்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் விருதும் வழங்கப்படும்.

கடைசி நாள் காலையில் நானும் பேத்தியும் கடற்கரைச் சாலையில் நடந்தோம். காந்தியடிகள் சிலையருகே சிறிது நேரம் அமர்ந்திருந்தபோது அவள், "தாத்தா, விருதுக்கு ஏன் ஒரு நாடக ஆசிரியரின் பெயரை வைத்தார்கள்?" என்று கேட்டாள். "வா, காட்டுகிறேன்" என்று கூறி, ஆட்டோ ஒன்றில் ஏறிக் கருவடிக்குப்பத்திற்கு அவளை அழைத்துச் சென்றேன்.

தமிழ் நாடகத் தந்தை என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ஆம் ஆண்டு தூத்துக்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். சிலகாலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதியவர். பிறகு நாடகத்திற்கே வாழ்வைக் கொடுத்தவர். 1918-இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு நாடக சபை ஒன்றை நிறுவினார். இறுதி நாட்களில் வாத நோயால் முடங்கி, 1922-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13-ஆம் நாள் புதுவையில் காலமானார். அவரது அடக்க இடம் கருவடிக்குப்பத்தில் இருக்கிறது.

அவ்விடத்தில் நின்றபோது என் மனத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. நாடக சபைகளில் பாடம் சொல்லிக்கொடுப்பவரை 'வாத்தியார்' என்றே அழைப்பார்கள். ஆகவே இவரும் என் தொழிலைச் சேர்ந்தவரே. அவருடைய சபையில் டி. கே. சண்முகம் என்னும் ஆறு வயதுச் சிறுவன் சேர்ந்தான். அச்சிறுவனுக்காகவே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் வழங்கிவரும் செய்தி. பிள்ளையிடத்தில் என்ன இருக்கிறது என்பதை அந்த வாத்தியார் முதலில் கண்டார். கண்ட பிறகு, அதற்கேற்ற பாடத்தை எழுதினார். இதைப் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஏனோ நெஞ்சு கனத்தது. காரணம் அப்போது விளங்கவில்லை, மாலையில்தான் விளங்கிற்று.

பிற்பகலில் சுஃப்ரேன் தெருவில் உள்ள அரங்கிற்குச் சென்றோம். கடைசிப் படம் முடிந்ததும், வந்திருந்தவர்கள் கலந்துரையாடினார்கள். இந்தக் கலந்துரையாடலே விழாவின் உயிர் என்று கூறுவேன். சாதாரணக் கொட்டகையில் படம் முடிந்தவுடன் கதவைத் திறந்து நம்மை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். விழாவிலோ, கண்டதைப் பற்றி மீண்டும் எண்ணுவதற்கு விளக்கை ஏற்றி வைக்கிறார்கள். உரையாடலை நடத்திய பேராசிரியர், பேச்சினூடே சத்யஜித் ராயைப் பற்றிக் குறிப்பிட்டார்.

ராய் கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்தவர். விபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதிய 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சுருக்கப் பதிப்புக்குப் படம் வரைந்தவர். அந்நாவலைத் திரைப்படமாக்க எண்ணியபோது, வழக்கம்போல் வசனமும் குறிப்பும் நிறைந்த கையெழுத்துப் படியை அவர் முதலில் ஆயத்தம் செய்யவில்லை. ஓர் ஏட்டை எடுத்து, காட்சி காட்சியாக மையினால் படங்களை வரைந்து வைத்தார். முதலாளிகளைக் காணச் சென்றபோதும் அந்த ஏட்டைத்தான் கையில் கொண்டுபோனார். 1955-இல் வெளிவந்த அப்படம், மறு ஆண்டு கான் விழாவில் மனித வாழ்வின் சிறந்த ஆவணம் என்னும் பரிசைப் பெற்றது. படங்கள் வரைந்த அந்த ஏட்டைப் பிற்காலத்தில் ராய் பாரிசிலுள்ள திரைப்படக் காப்பகத்திற்குக் கொடுத்தார். ஆனால் அது அங்கிருந்து காணாமற் போய்விட்டது. நல்வாய்ப்பாகப் படிகள் இருந்தமையால் 2016-இல் நூலாக வெளிவந்தது.

பேராசிரியர் அந்நூலின் பக்கங்கள் சிலவற்றைத் திரையில் காட்டினார். பக்கந்தோறும் சிறுசிறு கட்டங்கள். கட்டந்தோறும் ஒரு படம். அரங்கில் இருந்தவர்கள் எல்லாரும் வியந்து நோக்கினார்கள். நான் மட்டும் வியப்படையவில்லை, திடுக்கிட்டேன். ஏனெனில், அத்தகைய ஏடு ஒன்று என் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது.

அதன் வரலாற்றைச் சொல்ல வேண்டும். 1989-ஆம் ஆண்டு. அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டமாக இருந்த பகுதியில், ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியன். ஊருக்கு வெளியே டூரிங் கொட்டகை ஒன்று வந்து முகாமிட்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் நாள்தோறும் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வந்து மறுநாள் வகுப்பில் உறங்கினான். கொட்டகைக்காரர் வெட்டி எறிந்த துண்டுப் பிலிம்களைப் பொறுக்கி வந்து, வெயிலில் பிடித்துப் பார்ப்பான். ஒரு நாள் 'எங்கள் ஊர்க் கிணறு' என்னும் பொருள்பற்றிக் கட்டுரை எழுதிவரப் பணித்தேன். அவன் நீட்டிய ஏட்டில் கட்டுரை இல்லை. பக்கம் முழுவதும் கோடு போட்டுக் கட்டங்கள் வரைந்திருந்தான். முதற்கட்டத்தில் ஒரு பெண் கிணற்றை நோக்கி வருகிறாள். அடுத்ததில் அவள் முகம் மட்டும். மூன்றாவதில் உருளையின்மேல் செல்லும் கயிறு. நான்காவதில் வெறும் கை. கடைசிக் கட்டத்தில் ஒன்றுமே இல்லை, கருமையாகத் தீட்டிவைத்திருந்தான்.

"கட்டுரை எங்கேடா?" என்று கேட்டேன். "இதுதான் ஐயா" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு சினம் வந்தது. ஏட்டைப் பறித்து மேசை அறையில் பூட்டினேன். தந்தையை அழைத்துவரும்வரை வகுப்புக்குள் வரக் கூடாது என்று சொல்லி வெளியே அனுப்பினேன். அவன் தந்தையை அழைத்து வரவில்லை. அவனும் வரவில்லை. சில வாரங்களில் அக்குடும்பம் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றுவிட்டதென்று கேள்வியுற்றேன். அந்த ஏட்டை எறிய மனம் வராமல் வைத்திருந்தேன். ஓய்வு பெற்றபோது ஏனைய தாள்களோடு அதுவும் வீடு வந்து சேர்ந்தது.

மாலையில் மீண்டும் கடற்கரைக்கு வந்தோம். பேத்தியிடம் இதனைச் சொன்னேன். அவள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சிறிது நேரம் அலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தக் கடைசிக் கட்டம் ஏன் கறுப்பாக இருந்தது, தாத்தா? நீங்கள் கேட்டீர்களா?" என்றாள். "இல்லை" என்றேன்.

அன்றிரவு விழுப்புரம் பேருந்தில் திரும்பும்போது அவள் எனக்குப் பாடம் நடத்தினாள். பிலிமில் எடுத்த படம் ஒரு நொடிக்கு 24 கட்டங்களாக ஓடுகிறது. இரண்டு மணி நேரப் படத்தில் 1,72,800 கட்டங்கள். ஒரு கட்டம் நகர்ந்து அடுத்தது வந்து நிற்கும்வரை, கருவியிலுள்ள தடுப்பு ஒளியை மறைத்துவிடும். ஆகவே பழைய கொட்டகையில் படம் பார்த்தவர்கள் ஏறத்தாழப் பாதி நேரம் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணும் மூளையும் அதனை உணரவில்லை. இன்று பிலிம் சுருளுக்குப் பதில் எண்முறைக் கருவிகள் வந்துவிட்டன. ஆயினும் படத்தைக் கட்டங்களாகக் கற்பனை செய்யும் கலை மாறவில்லை. எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்பதே அக்கலையின் இலக்கணம் என்றாள்.

வீடு சேர்ந்து, உறங்கும் முன் பெட்டியைத் திறந்தேன். பேத்தி அந்தப் பக்கத்தை விளக்கடியில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். "கயிறு கையைவிட்டு நழுவுகிறது, தாத்தா. குடம் விழுவதை இவர் வரையவே இல்லை. கடைசியில் கிணற்றின் இருள்" என்றாள். பிறகு, "அல்லது விழுந்தது குடமில்லையோ?" என்று மெல்லிய குரலில் கேட்டாள். எனக்கு உடல் சிலிர்த்தது. ஒன்பதாம் வகுப்புச் சிறுவன் ஐந்து கட்டங்களில் ஒரு கதையைச் சொல்லியிருக்கிறான். நான் அதனை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் படிக்காமலே பூட்டி வைத்திருந்திருக்கிறேன்.

இளைஞர்களே! இரவெல்லாம் படம் பார்த்துவிட்டு வகுப்பில் உறங்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அவன் உறங்கியது தவறே. அதனைத் தடுத்தது என் கடமையே. என் பிழை வேறு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்பித்த விதி, 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க' என்பது. அவனுக்குத் தெரிந்தது கட்டங்கள், தெரியாதது கட்டுரை. "இந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறது, சொல்" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், அவன் சொல்லியிருப்பான். சொல்லியதை எழுதச் செய்திருக்கலாம். கட்டுரை தானே பிறந்திருக்கும். தேர்வில் எழுதிய விதியை வகுப்பறையில் மறந்தேன். பாரிசில் ஏடு தொலைந்தது, படம் நிலைத்தது. என்னிடத்தில் ஏடு நிலைத்தது; மாணவனைத் தொலைத்துவிட்டேன்.

உங்களிடம் நான் வேண்டுவன இரண்டு. படம் பார்க்கும்போது, நூல் படிப்பதுபோல் பாருங்கள். கதை என்ன என்பதோடு நிறுத்தாதீர்கள். எதைக் காட்டினார்கள், எதைக் காட்டாமல் விட்டார்கள், ஏன் என்று வினவுங்கள். பார்த்ததைப் பற்றி நண்பரோடு அரைமணி நேரமாவது உரையாடுங்கள். இது முதலாவது. நாளை உங்களுள் பலர் ஆசிரியராவீர்கள். ஒரு பிள்ளை உங்களுக்குப் புரியாத ஒன்றை ஏட்டில் வரைந்து நீட்டினால், சிரிக்கும் முன் "இது என்ன?" என்று கேளுங்கள். இது இரண்டாவது.

அந்த மாணவனுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். எங்கேனும் ஒரு தேநீர்க் கடையிலோ, தொழிற்சாலையிலோ, வீட்டிலோ இவ்வுரையை அவர் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். ஐயா, உங்கள் ஏடு பத்திரமாக இருக்கிறது. துண்டுப் பிலிம்கள் கூட அப்படியே இருக்கின்றன. உங்கள் பள்ளியில் விசாரித்தால் என் இருப்பிடத்தைச் சொல்வார்கள். வந்து பெற்றுக்கொள்ளுங்கள். வரும்போது அந்தக் கடைசிக் கட்டத்தின் பொருளை எனக்குச் சொல்ல வேண்டும். அன்று கேட்கத் தவறிய கேள்வியை இன்று கேட்கிறேன்.