கடல் கடந்து கட்டியவர்கள்



ஹூண்டாய் என்னும் பெயரைக் கேட்டதும் உங்கள் மனத்தில் தோன்றுவது மோட்டார் வண்டியாகத்தான் இருக்கும். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் அந்த வண்டிகள் உருவாகி வருகின்றன. ஆயினும் அப்பெயரின் புகழ் முதலில் எழுந்தது வண்டியின்மீது அன்று. செங்கல், ஜல்லி, சிமெண்டு ஆகியவற்றின்மீது. 1947ஆம் ஆண்டில் சியோல் நகரில் ஒரு சிறிய கட்டட ஒப்பந்தக் கம்பெனியாக அது பிறந்தது. மோட்டார்க் கம்பெனி பிறந்தது அதற்கு இருபது ஆண்டுகள் கழித்தே. அந்தக் கட்டடக் கம்பெனி அயல்நாட்டில் வேலை தேடிச் சென்ற வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அதைத் தொடங்கியவர் சுங் ஜூ-யுங். 1915இல் பிறந்தவர், இன்று வடகொரியாவில் அடங்கியுள்ள ஒரு மலைக்கிராமத்து உழவர் மகன். வீட்டைவிட்டு ஓடி வந்து, சியோலில் ஓர் அரிசிக் கடையில் மூட்டை கொண்டுபோய்க் கொடுக்கும் ஆளாக வேலை பார்த்தவர். பள்ளிப் படிப்பு ஆரம்பப் பள்ளியோடு முடிந்துவிட்டது. கொரியப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படைக்குக் கட்டடங்கள் அமைத்துக் கொடுத்ததனால் அவருக்குப் பணம் கிடைத்தது. பணத்தைவிடப் பெரிய லாபம் ஒன்றும் உண்டு. அளவு, தரம், கெடு எல்லாவற்றையும் எழுத்தில் வகுத்துக்கொண்டு அதன்படியே வேலை வாங்கும் முறையைக் கொரிய மேஸ்திரிகள் அந்தப் படையிடம்தான் கற்றுக்கொண்டார்கள்.

போர் முடியும் தறுவாயில், நக்தொங் ஆற்றின்மேல் இடிந்து கிடந்த கோர்யொங் பாலத்தைப் புதுப்பிக்கும் வேலையை அவர் எடுத்தார். எடுத்தபின் விலைவாசி தாறுமாறாக ஏறிற்று. ஒப்பந்தத் தொகையோ ஏறவில்லை. உறவினர்கள் தங்கள் வீடுகளை விற்றுப் பணம் கொடுத்தனர். 1955இல் பாலம் முடிந்தது; கம்பெனிக்கு ஏறக்குறைய மூச்சும் முடிந்தது. ஆனால் வேலையைப் பாதியில் விட்டு ஓடாதவர் என்ற பெயர் அரசாங்க அலுவலகங்களில் நிலைத்தது. அடுத்து வந்த பெரிய வேலைகளுக்கு அப்பெயரே பிணையாக நின்றது.

இனி அயல்நாட்டுக்கு வருவோம். 1965ஆம் ஆண்டில் தாய்லாந்தின் தென்கோடியில், பட்டாணியிலிருந்து நராதிவாத் வரை 98 கிலோமீட்டர் நெடுஞ்சாலை அமைக்க ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. பல நாட்டு நிறுவனங்களோடு போட்டியிட்டு, சுமார் 52 லட்சம் டாலருக்கு ஹூண்டாய் அதைப் பெற்றது. கொரியக் கட்டடக் கம்பெனி ஒன்று கடல் கடந்து எடுத்த முதல் வேலை இதுவே. பட்டாணி என்ற பெயர் சிலருக்கு வேறொன்றை நினைவூட்டலாம். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் இலங்காசோகம் அந்தப் பகுதிதான் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. நம் முன்னோர் படையோடு சென்ற இடத்துக்குக் கொரியர் மண்வெட்டியோடு சென்றனர்!

சென்றவர்களுக்கு அங்கே காத்திருந்தது மழை. கொண்டுபோன இயந்திரங்கள் பழையவை. வாங்கிய புதியவற்றை ஓட்டப் பழகியவர் இல்லை. தார் போடும் வேலையை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஜல்லி நன்றாகக் காய்ந்து சூடேறியிருந்தால்தான் தார் அதைப் பற்றும். ஈர ஜல்லியில் ஊற்றிய தார் அடுத்த மழையிலேயே தோல் உரிவதுபோல் உரிந்துவிடும். நானும் மழைக்காலத்தில் சாலை வேலை பார்த்திருக்கிறேன். அந்த அவதியை விவரிக்க வேண்டியதில்லை. அங்கே உலர்த்தும் இயந்திரம் நனைந்த மணலோடும் ஜல்லியோடும் மல்லாடிக்கொண்டிருந்தபோது, இரும்புத் தகட்டை அடுப்பின்மேல் வைத்து அதில் ஜல்லியை வறுக்கச் சொன்னாராம் சுங். கடலை வறுக்கும் உத்திதான்! இயந்திரத்தைவிட அது விரைவாக வேலை செய்தது என்று சொல்லப்படுகிறது.

1968இல் சாலை முடிந்தது. கணக்குப் பார்த்தால் பெரும் நஷ்டம். ஆனால் கனரக இயந்திரங்களை ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த ஒரு கூட்டம் அந்தச் சேற்றிலிருந்து தாயகம் திரும்பியது. அதே ஆண்டில் சியோலுக்கும் புசானுக்கும் இடையே 428 கிலோமீட்டர் விரைவுச்சாலை தொடங்கிற்று. அதில் பெரும் பங்கை ஹூண்டாய் ஏற்றது. 1970இல் சாலை திறக்கப்பட்டது. பல கம்பெனிகள் பங்குகொண்ட அந்தச் சாலைப் பணியில் 77 பேர் மாண்டனர். அவர்களுக்கு அங்கே ஒரு நினைவுச்சின்னம் உண்டு. வேகத்தைப் புகழ்வோர் அந்த எண்ணையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பது என் கருத்து.

1973இன் இறுதியில் எண்ணெய் விலை சில மாதங்களுக்குள் ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. கிணறு ஒன்றுகூட இல்லாத கொரியாவுக்கு அது இடி விழுந்தது போல. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்தது. பணம் எங்கே போகிறதோ அங்கே போய்த்தான் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது சுங்கின் வாதம். கம்பெனிக்குள் இதை எதிர்த்தவர்களில் அவருடைய சொந்தத் தம்பியும் ஒருவர். பாலைவனம், தண்ணீர் இல்லை, மொழி தெரியாது, தாய்லாந்தில் பட்டது போதாதா என்று கேட்டவர்களைக் குறை சொல்வதற்கில்லை; அவர்கள் சொன்னவை யாவும் உண்மையே. எனினும் 1975இல் பஹ்ரைனில் கப்பல் பழுதுபார்க்கும் தளம் கட்டும் வேலை கைக்கு வந்தது.

மறு ஆண்டு வந்தது ஜுபைல். சவூதி அரேபியாவின் கீழைக் கரையில், ஒரு மீனவர் ஊரைப் பெரிய தொழில் நகரமாக்கும் திட்டம் நடந்துகொண்டிருந்தது. அதற்கான துறைமுகத்தைக் கட்டவேண்டும். கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், 30 மீட்டர் ஆழமுள்ள திறந்த கடலில், பிரும்மாண்டமான எண்ணெய்க் கப்பல்கள் வந்து நிற்க ஒரு முனையமும் அதில் அடங்கும். உலகின் பெயர்பெற்ற நிறுவனங்கள் போட்டியிட்டன.

ஒப்பந்தப்புள்ளி இட்ட கதை சுவையானது. சுங் தம் நினைவுக் குறிப்புகளிலேயே அதைச் சொல்லியிருக்கிறார். 87 கோடி டாலர் என்று எழுதும்படி அவர் கட்டளையிட்டார். மனுவைக் கொண்டுபோன அதிகாரிக்கு அது மிகக் குறைவு என்று பட்டது. தம் பொறுப்பில் 93 கோடியே 11 லட்சம் என்று எழுதிவிட்டார். எழுதிய பிறகு, அமெரிக்கக் கம்பெனி ஒன்று 90 கோடிதான் கேட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டு அந்த மனிதர் நடுங்கிப்போனாராம். பின்னர் பார்த்தால், அமெரிக்கர் கேட்டது கடல் முனையத்துக்கு மட்டும். துறைமுகம் முழுவதற்கும் அன்று. வேலை ஹூண்டாய்க்கே கிடைத்தது. கட்டளையை மீறியதால் ஆறு கோடி டாலர் மிச்சம்! அந்த ஒப்பந்தத் தொகை, கொரிய அரசின் அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஏறத்தாழப் பாதி என்று கொரியர்கள் பெருமையோடு சொல்வது வழக்கம்.

வேலையைப் பெறுவது ஒன்று, செய்வது வேறு. கடல் முனையத்தைத் தாங்கக் குழாய்களால் பின்னிய இரும்புக் கூடுகள் தேவை. பொறியாளர்கள் இவற்றை 'ஜாக்கெட்' என்பர். ஒவ்வொன்றும் 36 மீட்டர் உயரம்; சுமார் 550 டன் எடை. சென்னை எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய கூடுகள் 89 வேண்டும். இவற்றை எங்கே செய்வது? அரபுக் கரையிலேயே செய்வதுதான் எவருக்கும் தோன்றும் வழி. சுங், கொரியாவின் உல்சானில் செய்து கடல்வழியே கொண்டுபோவோம் என்றார். உல்சானுக்கும் ஜுபைலுக்கும் இடையே சுமார் 12,000 கிலோமீட்டர்.

வெறும் துணிச்சல் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. உல்சானில் அவருக்குச் சொந்தமான கப்பல் கட்டும் தளம் இருந்தது. எண்ணெய் விலை ஏறியபின் பெருங்கப்பல்களுக்குக் கிராக்கி குறைந்து அந்தத் தளத்தில் வேலை மந்தமாகியிருந்தது. பற்றவைக்கும் தொழிலாளர், பாரந்தூக்கிகள், இரும்புத் தகடு எல்லாம் அங்கே கையருகில் இருந்தன. பாலைவனத்து வெயிலில் இவை அத்தனையையும் புதிதாகச் சேர்ப்பதைவிட, செய்த பொருளைச் சுமந்து செல்வது மலிவு என்பதே கணக்கு. தட்டையான பெருமிதவைகளின்மேல் கூடுகளை ஏற்றி, இழுவைக் கப்பல்கள் கட்டி இழுத்தன. ஒரு தடவை போய்ச் சேர முப்பத்தைந்து நாள். சூறாவளிகள் வீசும் சீனக் கடலைத் தாண்டி, நம் தென்முனைக்கு அப்பால் பரந்த இந்துமாக்கடலின் பருவக்காற்றையும் தாண்டி, பத்தொன்பது தடவை இந்தப் பயணம் நடந்தது.

இதற்குக் காப்பீடு செய்யாமலேயே அனுப்பினார் என்பதை அவருடைய தீரத்துக்குச் சான்றாகச் சிலர் கூறுவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூடு கவிழ்ந்தால் போவது அவருடைய பணம் மட்டும் அன்று; இழுவைக் கப்பலில் இருந்தவர்களின் உயிரும் அதில் அடக்கம்.

நான் வியப்பது வேறோரிடத்தில். கூடுகளைக் கடலடியில் இருபது மீட்டர் இடைவெளியில் நிறுத்தவேண்டும். அவற்றை இணைக்கும் விட்டங்களை, கூடுகளை நிறுத்தியபின் அளந்து பார்த்துச் செய்வதே முறை. இவர்களோ விட்டங்களையும் உல்சானிலேயே முன்கூட்டிச் செய்துவிட்டனர். அலையில் ஆடும் கலத்திலிருந்து 550 டன் இரும்பை இறக்கும்போது, ஐந்து சென்டிமீட்டருக்குமேல் பிசகக் கூடாது. பிசகவில்லை. இதைத் தலைவரின் துணிவு செய்யவில்லை. அளந்தவர்களின் கண்ணும் பாரந்தூக்கி இயக்கியவர்களின் கையும் செய்தன.

அந்தக் கைகளுக்குரியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? மனைவி மக்களைப் பிரிந்து, முகாம்களில் தங்கி, இரவும் பகலும் முறை வைத்து உழைத்தார்கள். ஊருக்கு அனுப்பிய பணத்தில் வீடு எழுந்தது, தம்பி தங்கையர் கல்லூரி சென்றனர். ஆனால் 1977 மார்ச்சில் ஜுபைல் முகாமில் லாரி ஓட்டுநரிடையே மூண்ட மனக்குறை, ஆயிரக்கணக்கான தொழிலாளரின் கலகமாக வெடித்தது. கம்பெனிகளின் பொன்விழா மலர்களில் இதைத் தேடிப் பயனில்லை. 1980களின் தொடக்கத்தில் மத்தியக் கிழக்கில் உழைத்த கொரியர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர். பிற்காலத்தில் நம் ஊர்களிலிருந்தும் எத்தனையோ பேர் அதே மணலுக்குச் சென்றார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் சிலருடைய தந்தையரும் அவர்களில் இருக்கலாம்.

எண்ணெய் விலை சரிந்தபோது வேலைகளும் சரிந்தன. ஈராக்கில் ஹூண்டாய் செய்து முடித்த பணிகளுக்கு வரவேண்டிய பாக்கி, 1990இல் குவைத் போர் மூண்டு தடைகள் விதிக்கப்பட்டபின் முடங்கிப்போயிற்று. நூறு கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை அது. கொரியாவின் 1997ஆம் ஆண்டு நிதி நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 2000இல் கம்பெனி கடனைத் திருப்ப வழியின்றித் தத்தளித்தது. 2001 மார்ச்சில் சுங் காலமானார். அதே ஆண்டில் கம்பெனி கடன் கொடுத்த வங்கிகளின் கைக்குப் போயிற்று. ஈராக் பாக்கியைப் பற்றி 2005இல் உடன்பாடு ஏற்பட்டபோது, பெரும்பகுதி தள்ளுபடியாயிற்று.

பத்தாண்டுகள் வங்கிகளின் பிடியில் இருந்த அந்தக் கட்டடக் கம்பெனியை 2011இல் விலை கொடுத்து வாங்கியது யார் தெரியுமா? அதன் வயிற்றில் பிறந்த ஹூண்டாய் மோட்டார்க் குழுமம்தான். அப்போது ஐக்கிய அரபு நாட்டின் பராகாவில், அணுமின் நிலையத்துக்கான வேலையில் அதன் ஆட்கள் மீண்டும் அரபு மணலில் நின்றுகொண்டிருந்தனர்.