ஊருக்குப் பதில் சொல்பவர் யார்? கானாவின் கிராமங்களும் ஆட்சியும்



மேற்கு ஆப்பிரிக்கக் கிராமங்களைப் பற்றித் தமிழில் இரண்டு நாள் பேச இத்தனை பேர் கூடியிருப்பது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. தலைமை உரை என்றால் எல்லாத் தலைப்புகளையும் தொட்டுச் செல்வது வழக்கம். பதினாறு நாடுகள் கொண்ட ஒரு வட்டாரத்தை அப்படித் தொட்டுக்கொண்டே போனால் கையில் எதுவும் தங்காது. ஆகவே கானா ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அங்கே 1992 அரசியல் சட்டத்துக்குப் பிறகு ஆட்சி இரு பெரும் கட்சிகளிடையே 2001, 2009, 2017, 2025 என நான்கு முறை அமைதியாகக் கைமாறியிருக்கிறது. தோற்றவர் வீட்டுக்குப் போகிறார், வென்றவர் பதவியேற்கிறார். இந்த அளவுக்குத் தேர்தல் ஒழுங்காக நடக்கும் நாட்டில், கிராமத்து விவசாயி தன் ஆற்று நீரைக் கூடக் காப்பாற்றிக்கொள்ள முடியாமல் நிற்கிறார். ஏன்?

என் பதில் ஒன்றுதான். ஊருக்கான பணத்தையும் நிலத்தையும் அதிகாரத்தையும் கையில் வைத்திருப்பவர்கள் ஊருக்குப் பதில் சொல்லும் நிலையில் இல்லை. அவர்கள் மேலிடத்தைப் பார்த்து நிற்கிறார்கள். கானாவின் கிராம வளர்ச்சியில் எது வென்றது, எது தோற்றது என்று பார்த்தால், பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வந்து முடிகிறது.

ஊர்மக்களுக்குத் திறமை இல்லை என்று சொல்வோருக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். 1879-இல் டெட்டே குவார்ஷி என்ற கொல்லர் பெர்னாண்டோ போ தீவிலிருந்து கோகோ விதைகளைக் கொண்டுவந்தார். 1911-இல், அன்று கோல்ட் கோஸ்ட் என்று அழைக்கப்பட்ட கானா, உலகின் முதன்மைக் கோகோ நாடாகிவிட்டது. முப்பத்திரண்டே ஆண்டுகள்! வெள்ளை அதிகாரிகள் காட்டிய வழியில் குடியானவர்கள் நட்டார்கள் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. அதை உடைத்தவர் பாலி ஹில். பொருளியல் அறிஞர் கெய்ன்ஸின் தங்கை மகள். 1963-இல் வந்த அவருடைய நூல், அக்வாபிம் மலைத்தொடர் மக்கள் ‘கம்பெனி’ என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்ட கூட்டுகளாகச் சேர்ந்து, பக்கத்து அக்கிம் பகுதித் தலைவர்களிடம் காட்டை விலைக்கு வாங்கி, போட்ட பணத்துக்கு ஏற்ப நீள நீளப் பட்டைகளாகப் பிரித்துக்கொண்டதை ஊர் ஊராகப் போய்க் காட்டியது. விளைச்சலை வெளியே கொண்டுவரப் பாலமும் சாலையும் தங்கள் செலவிலேயே அமைத்தார்கள். பின்னாளில் அதே ஹில் நைஜீரியாவின் ஹவுசா கிராமங்களை, நம் ஒசூரை ஒட்டிக் கர்நாடகத்தில் இருக்கும் ஆனேக்கல் வட்டக் கிராமங்களோடு ஒப்பிட்டு 1982-இல் ஒரு நூல் எழுதினார். நம் வாசல் வரை வந்துபோன ஆய்வு அது. நம் சமூகவியல் வகுப்புகளில் அவர் பெயர் ஒலிக்காதது எனக்குத் தீராத வருத்தம்.

இப்படித் தம் முயற்சியில் எழுந்த விவசாயியை அரசு எப்படி நடத்தியது? 1947-இல் கோகோ கொள்முதல் வாரியம் வந்தது. உலகச் சந்தையில் விலை ஏறினாலும் விவசாயிக்குக் கொடுப்பது வாரியம் அறிவிக்கும் விலைதான். மிச்சம் அரசின் கஜானாவுக்கு. 1954-இல் ஒரு சுமைக்கு 72 ஷில்லிங் என்று விலையை நான்கு ஆண்டுகளுக்குக் கட்டிவைத்தார்கள். அந்தக் கோபத்தில்தான் அசாந்தே பகுதியில் தேசிய விடுதலை இயக்கமே பிறந்தது. விடுதலைக்குப் பிறகும் இந்த முறை மாறவில்லை. 1964–65-இல் ஐந்தரை லட்சம் டன்னைத் தாண்டிய விளைச்சல் 1983–84-இல் ஏறக்குறைய 1.6 லட்சம் டன்னுக்குச் சரிந்தது. வறட்சியும் காட்டுத்தீயும் இதில் பங்கு பெற்றன என்பது உண்மை. ஆனால் கட்டுப்படியாகாத விலையைக் கண்டு மூட்டைகளை எல்லை தாண்டி ஐவரி கோஸ்டுக்குக் கடத்தியதும், மரத்தைக் கவனிக்காமல் விட்டதும் விவசாயி சொன்ன தீர்ப்பு. வாரியத்தைக் கேள்வி கேட்க அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

இன்றும் கோகோ ஊரில் கொள்முதல் நாளன்று போய் நின்றால் இது கண்ணுக்குத் தெரியும். காயை உடைத்து, விதையை வாழையிலையில் மூடி ஆறு நாள் புளிக்கவைத்து, பாயில் பரப்பி, கிளறிக் கிளறிக் காயவைத்து, கடைசியில் தராசுக்கு முன் வருகிறார் விவசாயி. பதினாறு மூட்டை சேர்ந்தால் ஒரு டன். விலையைத் தலைநகர் அக்ராவில் முடிவு செய்தாயிற்று. தராசு கொள்முதல் எழுத்தருடையது. முள்ளைத் திருகி எடையைக் குறைக்கிறார்கள் என்ற புகார் கோகோ வட்டாரமெங்கும் பழங்கதை. உழைப்பு முழுவதும் அவருடையது, அளவுகோல் மட்டும் அவருடையதில்லை.

இனி நிலத்துக்கும் தலைவர்களுக்கும் வருகிறேன். இதில்தான் சற்று நின்று பேச விரும்புகிறேன். தெற்கே அக்கான் மக்களின் தலைவர் மணையில் அமர்பவர், வடக்கே விலங்கின் தோல்மேல் அமர்பவர். அரசியல் சட்டத்தின் 270-ஆம் பிரிவு இந்தத் தலைமையைக் காக்கிறது. தலைவர்களை மன்னர் என்று ஒரேயடியாகப் போற்றுவதும், பிற்போக்கு என்று ஒதுக்குவதும் இரண்டுமே தவறு. கோஃபி புசியா 1951-இல் எழுதிய நூலைப் படித்தால் தெளிவு கிடைக்கும். வென்சி அரச குடும்பத்தில் பிறந்த சமூகவியலாளர் அவர். 1969 முதல் 1972 வரை நாட்டின் பிரதமராகவும் இருந்தார். அக்கான் மரபில் புதிய தலைவரின் பெயரை அரசியன்னை முன்மொழிவார், மூத்தோர் ஏற்க வேண்டும், தலைவர் வரம்பு மீறினால் மணையிலிருந்தே இறக்கிவிடலாம். ஆங்கிலேயர் தலைவர்கள் வழியாக ஆளத் தொடங்கியபோது தலைவரின் பலம் ஊரிலிருந்து வராமல் மாவட்ட ஆட்சியரிடமிருந்து வரத் தொடங்கியது. மரபின் ஆடை அப்படியே இருக்க, மரபு போட்டிருந்த கடிவாளம் மட்டும் தளர்ந்தது.

இன்று தலைவரின் மணை பெயரில் இருக்கும் நிலங்களிலிருந்து வரும் வருவாயில் நிர்வாகச் செலவுக்குப் பத்து விழுக்காடு போக, மீதியில் 25 விழுக்காடு மணைக்கு, 20 விழுக்காடு மரபு மன்றத்துக்கு, 55 விழுக்காடு மாவட்ட மன்றத்துக்கு என்று 267-ஆம் பிரிவு பங்கு பிரிக்கிறது. நிலத்தை நிர்வகிப்போர் மக்களின் அறங்காவலர்கள் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அறங்காவலர் கணக்கை ஊர்ச் சபையில் படித்துக்காட்ட வேண்டும் என்ற நடைமுறை வேரூன்றவில்லை.

பெரிய பங்கைப் பெறும் மாவட்ட மன்றமாவது ஊருக்குப் பதில் சொல்லுமா? 1988-இல் ராலிங்ஸின் இராணுவ ஆட்சி 110 மாவட்டங்களோடு தொடங்கிய ஏற்பாடு இது. இப்போது 261 மன்றங்கள். உறுப்பினர்களில் பத்தில் ஏழு பேரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், மூன்று பேரை அரசு நியமிக்கிறது. கட்சிகள் இந்தத் தேர்தலில் நிற்கக் கூடாது. ஆனால் கையெழுத்துப் போடும் மாவட்டத் தலைமை நிர்வாகியின் பெயரைக் குடியரசுத் தலைவர்தான் தருகிறார். மன்றத்தின் ஒப்புதல் வேண்டும், அவ்வளவுதான். நாட்டின் வருவாயில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத தொகை மன்றங்களுக்கு உண்டு என்று சட்டம் உறுதி சொல்கிறது. அந்தப் பணம் தவணை தவறி வருவது வாடிக்கை. ஊருக்குக் கிணறு கேட்டு வாக்குச் சேகரித்த உறுப்பினர், அடுத்த கூட்டத்தில் நிர்வாகியிடம் கெஞ்சி நிற்கிறார். இந்த நிலையை மாற்றும் முயற்சியில், உள்ளூர்த் தேர்தலில் கட்சிகளை அனுமதிப்பதா என்று 2019 டிசம்பரில் வாக்கெடுப்பு நடப்பதாக இருந்தது. கருத்தொற்றுமை இல்லை என்று அதற்குச் சில நாட்களுக்கு முன் அதைக் கைவிட்டார்கள். கானாவின் மக்களாட்சி வரலாற்றில் கைநழுவிய பெரிய வாய்ப்பு அது என்பது என் கருத்து.

இந்த வெற்றிடத்தில்தான் கலாம்சே என்று அங்கே சொல்லப்படும் சட்டவிரோதத் தங்கச் சுரண்டல் புகுந்திருக்கிறது. கானாவில் மண் பெரும்பாலும் மணைக்குச் சொந்தம். மண்ணுக்குக் கீழே இருக்கும் கனிமம் மக்களின் சார்பில் குடியரசுத் தலைவர் பெயரில் இருக்கிறது. நடுவில் நிற்கும் கோகோ மரம் மட்டும் விவசாயியுடையது. அவரும் பலவேளை பங்கு வாரத்துக்கு உழும் வெளியூர்க்காரர். தோண்டும் இயந்திரம் வந்து நிற்கும்போது ஊரில் அவருடைய சொல் எடுபடுமா? ஒருமுறை கொடுக்கும் காசை வாங்கிக்கொண்டு இருபது ஆண்டுத் தோட்டத்தை விட்டுப் போகிறார். பாதரசம் ஆற்றில் கலக்கிறது. பிரா, ஓஃபின், அன்கோப்ரா ஆறுகள் குழம்பிய சேறாக ஓடுகின்றன. 2024 ஆகஸ்டில் கேப் கோஸ்ட் நகருக்கு நீர் தரும் செக்யெரே ஹெமாங் நிலையத்தில், 2,000 அலகு கலங்கலைத் தாங்கும்படி கட்டிய இயந்திரங்களுக்கு வந்த நீரின் கலங்கல் 14,000 அலகு. படையை அனுப்பினார்கள், சிலநாள் அடங்கியது, மீண்டும் தொடங்கியது. உரிமம் தருவது அக்ரா. ஊர் கெடுவதைப் பார்ப்பவர்களுக்குத் தடுக்கும் அதிகாரம் கிடையாது. 2020–21-இல் பத்து லட்சம் டன்னைத் தாண்டிய கோகோ விளைச்சல் 2023–24-இல் ஏறக்குறையப் பாதியானதற்கு மரநோயும் மழையும் கடத்தலும் காரணங்கள்தான். சேறாகிப்போன தோட்டங்களும் அந்தக் கணக்கில் இருக்கின்றன.

வடக்கின் கதை வேறு. ஆண்டுக்கு ஒரே மழைக்காலம். குடியேற்ற ஆட்சி அந்தப் பகுதியைத் தெற்கின் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் கூலியாள் தரும் இடமாகவே வைத்திருந்தது. இன்று அங்கிருந்து சிறுமிகள் பஸ் ஏறி அக்ராவுக்கும் குமாசிக்கும் வந்து, தலையில் தகரத் தாம்பாளத்தோடு சந்தைச் சுமை தூக்குகிறார்கள். காயாயே என்று அவர்களுக்குப் பெயர். இரவில் கடைத் திண்ணையில் படுக்கை. மகனற்ற விதவைகள் சிலருக்கு அந்த வழியும் இல்லை. ஊரில் ஒரு சாவு விழுந்தால் சூனியக்காரி என்று பழி சுமத்தப்பட்டு கம்பாகா போன்ற முகாம்களில் போய் ஒடுங்குகிறார்கள். 2020 ஜூலையில் கஃபாபா என்ற ஊரில் தொண்ணூறு வயது மூதாட்டி ஒருவரை ஊரார் பார்க்க அடித்தே கொன்றார்கள். இந்தப் பழியைக் குற்றமாக்கும் மசோதாவை நாடாளுமன்றம் 2023 ஜூலையில் நிறைவேற்றியது. அப்போதைய குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை. மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் இதைத் தள்ளிவிடாதீர்கள். பழி யார்மேல் விழுகிறது என்று பாருங்கள். ஊர்க்கூட்டத்தில் தனக்காகப் பேச ஆளில்லாதவள் மேல்தான் விழுகிறது.

அதே வடக்கில்தான் என் நம்பிக்கையும் இருக்கிறது. 1994-இல் நவ்ரோங்கோ ஆய்வு மையம் மூன்று ஊர்களில் ஒரு முயற்சியைத் தொடங்கியது. மருத்துவமனைக்கு மக்கள் வரக் காத்திராமல், பயிற்சி பெற்ற செவிலியரை ஊருக்குள்ளேயே குடியமர்த்துவது. அதற்குமுன் தலைவரைக் கண்டு பேசினார்கள். தர்பார் என்று அவர்கள் அழைக்கும் ஊர்க்கூட்டத்தில் பெண்களும் இளைஞர்களும் கேட்ட கேள்விகளுக்கு மருத்துவர்களே எழுந்து பதில் சொன்னார்கள். செவிலியர் வீட்டை ஊரார் மண் குழைத்துத் தாங்களே கட்டினார்கள். அவர் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போனார். பிறகு மாவட்டம் முழுவதும் விரித்து, ஊர்த் தொண்டர் மட்டும், செவிலியர் மட்டும், இருவரும் சேர்ந்து, இருவரும் இல்லாமல் என நான்கு பகுதிகளாக வைத்து ஒப்பிட்டார்கள். செவிலியர் குடியிருந்த இடங்களில் குழந்தைச் சாவு பெரிதும் குறைந்தது. தொண்டர் மட்டும் இருந்த இடங்களில் அந்தப் பலன் இல்லை. 1999-இல் இது நாட்டின் கொள்கையாயிற்று. நாடெங்கும் பரவும்போது கட்டடம் கட்டுவதே திட்டம் என்றானதும், ஊர்க்கூட்டம் பின்னுக்குப் போனதும் வேதனைக்குரியது.

நண்பர்களே, இந்த இரண்டு நாளும் கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று சொல்லுங்கள். அத்துடன், அந்தப் பணத்தைச் செலவிட்டவரை ஊரார் எந்தக் கூட்டத்தில், எந்தச் சட்டப்படி கேள்வி கேட்க முடிந்தது என்பதையும் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் அதையே எழுதுங்கள். மாணவர்களுக்கு இன்னொன்று. ட்வி மொழியோ ஹவுசாவோ கற்றுக்கொண்டு அந்த ஊர்களுக்குப் போய்த் தங்கி ஆராயுங்கள். புசியாவையும் ஹில்லையும் தமிழுக்குக் கொண்டுவாருங்கள். அந்தப் பணிக்கு வழிகாட்ட இந்த மேடையில் இருக்கும் மூத்தவர்கள் யாவரும் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.