நெஞ்சின் நோயும் நெஞ்சின் அச்சமும்

நெஞ்சு என்னும் சொல் தமிழில் மார்பையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும். இருபது வயது இளைஞன் ஒருவன், "நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது" என்று சொல்லும்போது, அத்துன்பம் இவ்விரண்டில் எங்கே பிறந்தது என்று அறிவது எளிதன்று. இதயத்தின் நோயை மனத்தின் பயம் என்று தள்ளிவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். மனத்தின் பதற்றத்தை இதயநோய் என்று நம்பிவிட்டாலோ, நல்ல உடம்புடைய பிள்ளை ஓடவும் நீந்தவும் அஞ்சித் தன் இளமையை வீணாக்குவான். நான் வைத்தியன் அல்லன். ஆயினும், இளைஞரோடு நாளும் பழகும் பாடசாலை அதிபன் என்ற முறையில், மருத்துவம் அறிந்தோர் கூறுவனவற்றைத் தொகுத்துச் சொல்ல விழைகின்றேன்.

இந்த மயக்கம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரிலே படைவீரர் பலர் மார்புவலியும் படபடப்பும் களைப்பும் கொண்டு வைத்தியசாலைக்கு வந்தனர். ஜேக்கப் மெண்டிஸ் டா கொஸ்டா என்னும் வைத்தியர், அத்தகையோர் 300 பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 1871-இல் எழுதினார். அவர் அதனை இதயத்தின் கோளாறாகவே கருதினார். முதலாம் உலகப் போரில் 'போர்வீரர் இதயம்' என்னும் பெயரால் அது மீண்டும் பேசப்பட்டது. 1941-இல் பால் வுட் என்னும் ஆங்கிலேய இதயநோய் வல்லுநரே, இதன் மூலம் பெரும்பாலும் அச்சமே என்று எடுத்துக்காட்டினார். வீரர்கள் பொய் சொல்லவில்லை. வலி மெய்யே, அதன் மூலந்தான் வேறு.

எங்கள் கற்பிட்டிக்கும் இது அயலான செய்தியன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள், மன்னாரிலிருந்து படகேறியோர் பலர் இக்கரையிலேயே வந்திறங்கினர். புத்தளம் மாவட்டத்தில் நெடுங்காலம் இடம்பெயர்ந்து வாழ்ந்தோரைப் பற்றி 2013-இல் வெளிவந்த ஆய்வொன்று, 100 பேரில் ஏறக்குறைய 19 பேருக்கு மனநலக் குறை இருந்ததென்றும், 14 பேரிடத்து அது உடல்நோவாக வெளிப்பட்டதென்றும் கண்டது. சொல்லில் வராத துயரம் உடம்பில் வந்து நிற்கும் என்பதற்கு இதனினும் அருகில் சான்று வேண்டுவதில்லை.

இனி, வேறுபாட்டைப் பார்ப்போம். பதற்றத்தால் வரும் தாக்கம் திடீரென எழுந்து, பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தை அடைந்து, அரைமணி அளவில் தணியும். இப்பொழுதே இறந்துவிடுவோம் என்ற திகில் தோன்றும். வேகமாக மூச்சு வாங்குவதால் இரத்தத்திலுள்ள கரியமிலவாயு குறைகின்றது. அதனால் விரல் நுனியும் உதட்டைச் சுற்றிய இடமும் விறுவிறுக்கும், தலை சுற்றும். பரீட்சை மண்டபத்திலும் வரும். சும்மா இருக்கும்போதும் வரும். ஆனால் அதே பிள்ளை மாலையில் பந்தாடும்போது தொல்லையின்றி ஓடுவதும் உண்டு.

இதயத்தின் எச்சரிக்கைகள் வேறு. ஓடும்போதோ, நீந்தும்போதோ, கரைவலை இழுக்கும்போதோ மார்பு இறுகி வலித்து, ஓய்ந்தால் தணிதல், உழைக்கும் நேரத்தில் மயங்கி விழுதல், விசையை அழுத்தியதுபோல் துடிப்பு சட்டென விரைந்து, சட்டென நிற்றல், படுத்தால் மூச்சுமுட்டல், கால்வீக்கம். காய்ச்சலுக்குப் பின் வரும் மார்புவலியையும், சிறுவயதில் தொண்டைநோவைத் தொடர்ந்து மூட்டு வீங்கிய வாதக்காய்ச்சலையும், குடும்பத்தில் இளவயதிலே திடீரென இறந்தோர் இருப்பதையும் வைத்தியரிடம் மறவாது சொல்ல வேண்டும். கடலட்டைக்கும் சங்குக்கும் மூழ்குவோர், மேலே வந்தபின் மார்புவலியோ மூச்சுத்திணறலோ கண்டால், அதனைப் பயமென்று எண்ணாது உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

ஆயினும் இவ்வடையாளங்களை வைத்து வீட்டிலே தீர்ப்புச் சொல்லிவிடலாகாது. துடிப்பு மிகும் சில இதயக் கோளாறுகள் பதற்றமென்றே பிழையாகக் கருதப்படுவதுண்டு. இரத்தச்சோகையும் தைரோயிட் சுரப்பியின் மிகையும் படபடப்பைத் தரும். ஆகையால் முதன்முறை வரும் தாக்கத்தை வைத்தியர் பார்க்கவேண்டும். நாடி பார்த்தல், இ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை ஆகியவை பெரும்பாலான ஐயங்களைத் தீர்க்க உதவும். மயக்கமோ விடாத மார்புவலியோ இருப்பின், 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வரும்.

இதயம் நலமென்று வைத்தியர் கூறியபின் வீட்டார் கடமை முடிந்துவிடுவதில்லை. "உனக்கு ஒன்றுமில்லை, நடிக்காதே" என்பது மருந்தன்று, புண்ணின்மேல் உப்பு. அருகிலிருந்து மெல்ல மூச்சுவிடச் சொல்லுங்கள். எதற்கு அஞ்சுகிறாய் என்று பொறுமையோடு கேளுங்கள். பதற்றநோய்க்கும் சிகிச்சை உண்டு. பேச்சுவழிச் சிகிச்சையாலும் மருந்தாலும் பலர் குணமடைகின்றனர். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் உதவிக்கு இருக்கின்றது. அங்கே பேசுவதில் இழுக்கு யாதுமில்லை.

பெற்றோரே, ஆசிரியரே! பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும்போது, முதலில் அவன் சொல்லை நம்புங்கள். அடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள். இவ்வொழுங்கு மாறாதிருந்தால், நோயுற்ற இதயமும் தப்பும். அஞ்சிய மனமும் ஆறும்.