அளவுகோல் யார் கையில்?

(ஆய்வு மாணவர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மானிடவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். முதுகலை முதலாண்டில் எங்கள் கையில் கொடுத்த முதல் கருவி காலிப்பர். மண்டையோட்டின் நீளம், அகலம் எல்லாம் அளக்கப் பழகினோம். அந்த வாரமே நூலகத்தில் எட்கர் தர்ஸ்டனைப் புரட்டினேன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த அந்த ஆங்கிலேயர், இதே மாதிரிக் கருவியோடுதான் நம் மக்களின் தலையையும் மூக்கையும் சாதி சாதியாக அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகளாகப் புத்தகம் வந்தது. அதில் என் தாத்தாவின் சாதிக்கும் ஒரு மூக்கு அளவு இருந்தது. இந்தப் படிப்பே வேண்டாம் என்று அன்று தோன்றியது.

விட்டுவிடாமல் இருந்ததற்கு அர்ஜென்டினாவின் மாணவர்கள் சிலர் காரணம்.

அங்கே 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி. தொழிற்சங்கத்தினர், மாணவர்கள், இடதுசாரிகள் என்று பிடித்துப் போனவர்கள் திரும்பவில்லை. அரசின் விசாரணை ஆணையம் ஆவணப்படுத்தியவர்கள் சுமார் 9,000 பேர். மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன. பலரைக் கொன்று 'என்.என்.', அதாவது பெயர் தெரியாதவர், என்று எழுதிப் புதைத்தார்கள். பலரை விமானத்திலிருந்து கடலில் வீசினார்கள்.

ஆட்சி மாறியதும் நீதிபதிகள் கல்லறைகளைத் தோண்ட உத்தரவிட்டார்கள். பொக்லைன் வைத்துத் தோண்டினார்கள். எலும்புகள் நொறுங்கின, ஒருவருடையது இன்னொருவருடையதோடு கலந்தது. சாட்சியைத் தேடப் போய்ச் சாட்சியையே அழித்தார்கள். தடயவியல் மருத்துவர்களையும் குடும்பங்கள் நம்பவில்லை. அவர்களில் சிலர் பழைய ஆட்சியில் கொலைகளை மறைக்கத் துணைபோனவர்கள்.

1984இல் கிளைட் ஸ்னோ என்ற அமெரிக்கத் தடயவியல் மானிடவியலாளர் வந்தார். அவரோடு குழிக்குள் இறங்க முன்வந்தவர்கள் இருபதுகளில் இருந்த மானிடவியல், மருத்துவ மாணவர்கள். சம்பளம் கிடையாது. பயம் இருந்தது. ஆட்சிதான் மாறியிருந்தது, போலீஸ் அதே போலீஸ்தான். அந்தத் தன்னார்வலர்கள்தான் பிறகு 'அர்ஜென்டினத் தடயவியல் மானிடவியல் குழு' ஆனார்கள்.

அவர்கள் செய்ததென்ன? தொல்லியலாளர் பானை ஓட்டை எடுப்பதுபோல, கரண்டியும் தூரிகையும் வைத்து மண்ணை விலக்கினார்கள். இடுப்பெலும்பு ஆணா பெண்ணா என்று சொல்லும். எலும்பு முனைகள் எவ்வளவு ஒட்டியிருக்கின்றன என்பது வயதைச் சொல்லும். தொடை எலும்பு உயரத்தைச் சொல்லும். பிறகு குடும்பங்களிடம் உட்கார்ந்து கேட்டார்கள்: சின்ன வயதில் கை முறிந்ததா? எந்தப் பல்லை அடைத்திருந்தார்? அந்தப் பதில்களை எலும்போடு ஒப்பிட்டார்கள். டி.என்.ஏ. சோதனை பிற்பாடுதான் வந்தது.

1985இல் ராணுவத் தளபதிகள் மீதான வழக்கில் ஸ்னோ சாட்சி சொன்னார். துப்பாக்கிச் சண்டையில் இறந்ததாக அரசு சொன்ன ஓர் இளம்பெண், மிக அருகிலிருந்து தலையில் சுடப்பட்டிருந்தார். நமக்குத் தெரிந்த சொல்லில் அது 'என்கவுன்டர்'. அவர் பிரசவித்ததற்கான தடயம் இடுப்பெலும்பில் இருப்பதாகவும் ஸ்னோ சொன்னார். குழந்தை எங்கே என்ற கேள்வியும் நீதிமன்றத்துக்கு வந்தது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. காணாமல் போனவர்களின் தாய்மார்கள் ஒரே குரலில் பேசவில்லை. ஒரு பிரிவினர் தோண்டவே கூடாது என்றார்கள். உயிரோடு கொண்டுபோனவர்களை எலும்பாகக் கொடுத்துக் கணக்கை முடிக்கப் பார்க்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். அது அறியாமை அல்ல, அரசியல். 1986, 1987இல் வந்த சட்டங்கள் வழக்குகளை நிறுத்தியபோது, அவர்கள் சந்தேகம் நியாயமானதென்று தெரிந்தது. அந்த ஆண்டுகளிலும் குழு தோண்டுவதை நிறுத்தவில்லை. 2005இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்கள் செல்லாது என்றது.

அதே 2005இல், தாய்மார்கள் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசுசேனா வில்லாஃப்ளோரின் எலும்புகளை இந்தக் குழு அடையாளம் கண்டது. 1977 டிசம்பரில் அவரைக் கடத்தினார்கள். உடல் கரையொதுங்கி, பெயரில்லாமல் புதைக்கப்பட்டிருந்தது. உயரத்திலிருந்து விழுந்ததற்கான முறிவுகள் எலும்பில் இருந்தன. கடலில் போட்டால் சாட்சி இருக்காது என்று நினைத்தவர்களுக்கு 28 ஆண்டுகள் கழித்து வந்த பதில் அது.

தோழர்களே, இது தூரத்துக் கதையல்ல. 2003இல் விருத்தாசலம் பக்கம் கண்ணகியையும் முருகேசனையும் கொன்று உடனே ஏன் எரித்தார்கள்? உடல் பேசும் என்று சாதிவெறிக்கும் தெரியும். தீர்ப்பு வர 2021 ஆனது. 2015இல் கோகுல்ராஜின் உடல் தண்டவாளத்தில் கிடந்தது, தற்கொலை என்று ஒரு கடிதமும் இருந்தது. அது கொலை என்று அவருடைய அம்மா விடாமல் போராடினார். 2022இல் பத்துப் பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் சொன்னது.

தர்ஸ்டன் கையில் மனிதரைத் தரம் பிரித்த கருவி, அந்த மாணவர்கள் கையில் இறந்தவருக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தது. யாருக்காக அளக்கிறோம் என்பதுதான் வேறுபாடு.

நம் ஊரில் பிணவறை வாசலில் ஒரு குடும்பம் உடலை வாங்க மறுத்து உட்கார்ந்திருப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாம் போய் முழக்கமிடுகிறோம், அது வேண்டும். ஆனால் அவர்கள் கையில் இருக்கும் உடற்கூறாய்வு அறிக்கையை வாங்கிப் படித்து, 'அம்மா, இதில் இப்படி எழுதியிருக்கிறது, இதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள்' என்று சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்? மருத்துவமும் அறிவியலும் சட்டமும் படிக்கிறவர்கள் இந்த அறையில் இருக்கிறீர்கள். அதைக் கற்றுக்கொள்ளத் தொடங்குவோம். நானும் உங்களோடு உட்கார்ந்து படிக்கிறேன்.