சேர்ந்து வாழ்ந்ததற்கும் கணக்கு உண்டு

(விளாங்குடியில் தோழர்கள் நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. இன்னைக்கு கவிதை இல்லை. ஒரு கணக்கு சொல்றேன்.

நான் வங்கியில் நகைக்கடன் எழுதுற குமாஸ்தா. ஒருநாள் நம்ம தெருப் பொண்ணு ஒண்ணு வந்து நின்னுச்சு. "அண்ணே, அந்த அஞ்சு பவுனு எங்கம்மா போட்ட நகை. அவரு பேர்ல அடகு வச்சோம். இப்ப பிரிஞ்சுட்டோம். வட்டியோட கட்டிர்றேன், நகையக் குடுத்துருங்க" என்றது. கடன் யார் பேரில் இருக்கோ அவர் கையெழுத்து இல்லாமல் நகை வெளியே போகாது. அதுதான் விதி. அதைச் சொன்னவன் நான்தான். சொன்ன வாய் இன்னும் கசக்குது.

அந்தப் பையன் வேற சாதி. தாலி வேண்டாம், அய்யர் வேண்டாம், பதிவும் வேண்டாம் என்று ஆறு வருஷத்துக்கு முன்னாடி சேர்ந்து வாழ ஆரம்பிச்சாங்க. கைதட்டினதில் நானும் ஒருத்தன். நகை வச்ச பணம், சமயநல்லூர் பக்கம் அவன் பேரில் வாங்கின ரெண்டு சென்ட்டுக்குப் போச்சு. அவளோட சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் போச்சு. ஒருத்தர் பணம் சோறாச்சு, இன்னொருத்தர் பேரில் சொத்து நின்னுச்சு. பிரிஞ்சதும் அவன் வீட்டார் வந்து, "தாலியா கட்டுனான்? உனக்கென்ன பாத்தியதை?" என்று கேட்டாங்க. ஆறு வருஷம் எட்டிப் பார்க்காத சாதி, சொத்து என்றதும் வாசலுக்கு வந்துருச்சு.

சட்டம் என்ன சொல்கிறது? சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று 2010-இல் குஷ்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 'திருமணம் போன்ற உறவில்' இருந்த பெண்ணுக்கும் பாதுகாப்புத் தருகிறது. தங்க இடம், பணம், தன் நகை, தன் உடைமை கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். ஆனால் கோவையிலிருந்து போன வேலுசாமி – பச்சையம்மாள் வழக்கில் அதே 2010-இல் அந்த உறவுக்கு அளவுகோல் வைத்தார்கள். இருவரும் திருமணத்துக்குத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும், ஊரறியக் கணவன் மனைவிபோல் கணிசமான காலம் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். அந்தத் தீர்ப்பில் பெண்ணை 'வைப்பு' என்று குறிக்கும் சொல்லும் வந்தது. வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் அதை எதிர்த்தார்.

மனையின் கதை வேறு. 1988-ஆம் ஆண்டின் பினாமிச் சட்டப்படி, நான் பணம் போட்டு இன்னொருவர் பேரில் வாங்கிய சொத்தை என்னுடையது என்று கேட்டு வழக்குப் போடப் பொதுவாக வழியில்லை. கணவன், மனைவி, பிள்ளை பேரில் வாங்கினால் விதிவிலக்கு உண்டு. சேர்ந்து வாழ்கிறவர் என்ற சொல்லே அதில் இல்லை.

அதனால் சொல்றேன், கேட்டுக்கங்க. மனை வாங்கினா ரெண்டு பேர் பேரிலும் பத்திரம் போடுங்க, யாருக்கு எத்தனை பங்குன்னு அதிலேயே எழுதுங்க. நகை யாரோடதோ கடனும் அவங்க பேரில் இருக்கட்டும். கைமாத்துக் கொடுத்தா வங்கி வழியா கொடுங்க, புரோநோட்டு வாங்குங்க. அதுக்கு ஆயுசு மூணு வருஷம்தான், மறக்காம மாத்தி எழுதுங்க. கூட்டுக் கணக்கில் 'இருவரில் எவரும்' என்று இருந்தால் ஒருத்தர் மட்டும் வந்து மொத்தத்தையும் எடுத்துட்டுப் போகலாம். தெரிஞ்சு கையெழுத்துப் போடுங்க.

காதலிக்கிறவங்க கணக்குப் பார்ப்பாங்களான்னு கேக்குறாங்க. கணக்கு எழுதாத காதலில் நட்டப்பட்டது எப்பவும் பொம்பளைதான்.

இன்னொன்னும் சொல்லணும். அவன் வேற சாதிங்கிறதால இன்னைக்கு நாம சத்தம் போடுறோம். நம்ம பையனா இருந்தா, "இயக்கத்துக்குக் கெட்ட பேரு, விடும்மா"ன்னு அவளைத்தான் அடக்கியிருப்போம். அப்படி அடக்கினதும் உண்டு. நெஞ்சில் கை வச்சுச் சொல்லுங்க.

பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு. மதுரை நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு. அந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போனோம், நகைக்கு மனுப் போட்டிருக்கோம். மனை கிடைக்குமான்னு தெரியலை.

1951-இல் அண்ணல் அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்ததற்கு இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைக் கைவிட்டதும் ஒரு காரணம். பெண்ணுக்குச் சொத்தும் மணவிலக்கும் கேட்ட மசோதா அது. அவர் படத்தை மாட்டியிருக்கிற வீட்டில் ஒரு பெண் வெறுங்கையோடு வெளியே போகக் கூடாது.

அடுத்த தடவை சாதி மறுத்துச் சேர்றவங்களுக்குக் கைதட்டப் போறப்ப, ஒரு பத்திரத்தாளும் பேனாவும் எடுத்துட்டுப் போவோம்.